பிரிக்காமல் அறிதல்: 39 இலக்கப் பகா எண் ஒன்று கற்பித்த பாடம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு ஒன்றின் செம்மை செய்த எழுத்து வடிவம். கரும்பலகையில் செய்து காட்டிய கணக்குகளுள் சில மட்டும் இங்கே தரப்பட்டுள்ளன.)



இன்றைய பொழிவு ஓர் எண்ணைப் பற்றியது. அதைச் சுருக்காமல் முழுவதுமாகவே எழுதிவிடலாம்:

170141183460469231731687303715884105727

இதில் 39 இலக்கங்கள் உள்ளன. 127 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, விடையில் ஒன்றைக் கழித்தால் இந்த எண் வரும், சுருக்கமாக 2¹²⁷−1. இது பகா எண். 1876 சனவரியில் எட்வார்ட் லுகாஸ் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் இதை அறிவித்தபோது அவருக்கு வயது 33. அதன்பின் 75 ஆண்டுகள், 1951 வரை, உலகம் அறிந்த மிகப் பெரிய பகா எண் இதுதான். பொறி எதன் துணையும் இல்லாமல் கையால் கணக்கிட்டே கண்டறிந்த பகா எண்களில் இன்றும் இதுவே பெரியது.

இந்த எண்ணை முன்வைத்துச் சொல்ல வந்த கருத்து ஒன்றே ஒன்று. ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்று அறிவது ஒரு வேலை. அது பகா எண் இல்லையென்றால் அதன் காரணிகளைக் கண்டுபிடிப்பது வேறொரு வேலை. பள்ளியில் இரண்டையும் ஒரே வேலையாகத்தான் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். 91 பகா எண்ணா என்று கேட்டால் 2, 3, 5, 7 என்று வகுத்துப் பார்க்கிறோம். 7ஆல் வகுபட்டு 13 வருகிறது. எனவே பகா எண் இல்லை என்கிறோம். காரணி கிடைத்ததால் விடை கிடைத்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கணித உலகமும் ஏறத்தாழ இப்படித்தான் நினைத்திருந்தது. இரண்டும் வேறு வேறு என்று தெளிவாகப் புலப்பட்ட இடம் லுகாசின் கணக்கு. இன்றைய வங்கிப் பரிமாற்றம் வரை வந்து சேர்ந்திருக்கும் ஒரு பெரிய பாதை அங்கே தொடங்குகிறது.

1. ஒரு துறவியின் பட்டியல்

2இன் அடுக்குகளில் ஒன்றைக் கழித்தால் வரும் எண்கள்மீது யூக்ளிடு காலம் முதலே கணித அறிஞர்களுக்குத் தனி ஈடுபாடு. அப்படி வரும் எண் பகா எண்ணாக இருந்தால் அதிலிருந்து ஒரு நிறைவெண் கிடைக்கும். அதாவது தன்னை நீங்கலான தன் காரணிகளின் கூட்டுத்தொகையாகத் தானே அமைகிற 6, 28, 496 போன்ற எண். நம் 39 இலக்க எண்ணிலிருந்து பிறக்கும் நிறைவெண்ணுக்கு 77 இலக்கங்கள்.

அடுக்கு எண் பகா எண்ணாக இல்லாவிட்டால் 2இன் அடுக்கில் ஒன்றைக் கழித்து வருவதும் பகா எண்ணாக இருக்க முடியாது. 15 பகு எண். 2¹⁵−1 ஆகிய 32767 என்பது 7, 31, 151 ஆகியவற்றின் பெருக்கல். ஆனால் அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது. 11 பகா எண்தான்; 2¹¹−1 ஆகிய 2047 என்பதோ 23ஐ 89ஆல் பெருக்கி வருவது. இது 1536இலேயே தெரிந்துவிட்டது. எந்தெந்த அடுக்குக்குப் பகா எண் வரும், எதற்கு வராது என்பதுதான் கேள்வி.

பாரிசில் வாழ்ந்த மரேன் மெர்சென் கிறித்தவத் துறவி. தெக்கார்த், ஃபெர்மா, கலிலியோ என்று அக்கால அறிஞர்கள் பலரோடும் கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். அவர் 1644இல் வெளியிட்ட நூலொன்றில், 257 வரையுள்ள அடுக்குகளில் பகா எண் தருபவை 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 என்று ஒரு பட்டியல் தந்தார். எப்படிக் கண்டார் என்று சொல்லவில்லை. பட்டியலில் ஐந்து பிழைகள்: 67, 257 இரண்டும் தவறாக இடம்பெற்றவை, 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை. பட்டியல் முழுவதையும் சரிபார்த்து முடிக்க 1947 வரை ஆயிற்று. பிழைகள் இருந்தபோதும் இவ்வகை எண்களுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அது பொருத்தம்தான். நல்ல கேள்வியொன்றை முந்நூறு ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்த பட்டியல் அது.

2. வகுத்துப் பார்ப்பதன் எல்லை

மெர்சென் பட்டியலில் இருந்த 2³¹−1, அதாவது 2147483647, பகா எண்தான் என்று 1772இல் லியோனார்ட் ஆய்லர் காட்டினார். (கணினியில் கூட்டல்-கழித்தல் குறியையும் சேர்த்து 32 இருமை இலக்கங்களுக்குள் அடங்கும் மிகப் பெரிய முழு எண்ணும் இதுவே, நிரல் எழுதும் மாணவர்களுக்கு நன்கு பழக்கமான எண்.) அவர் செய்தது பழைய முறைதான், வகுத்துப் பார்ப்பது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வகுக்கவில்லை. இந்த எண்ணின் வர்க்கமூலம் 46340ஐச் சற்றே தாண்டும். அதற்குள் ஏறத்தாழ 4,800 பகா எண்கள் உள்ளன. அவற்றில் 248ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 தருபவை மட்டுமே 2³¹−1இன் காரணியாக இருக்க முடியும் என்று ஆய்லர் நிறுவினார். 4,800 என்பது சுமார் 80 ஆகச் சுருங்கியது. அந்த எண்பதையும் வகுத்துப் பார்த்தார், எதுவும் வகுக்கவில்லை.

அருமையான வேலை. இதே முறை 2¹²⁷−1க்கு எவ்வளவு தூரம் உதவும் என்று கணக்கிட்டால் அதன் எல்லை தெரியும். இந்த எண்ணின் வர்க்கமூலமே 20 இலக்கம் கொண்டது. அதற்குள் அடங்கும் பகா எண்கள் சுமார் 3 லட்சம் கோடி என்பதை மேலும் ஒரு லட்சத்தால் பெருக்கினால் வரும் அளவு. ஆய்லரின் உத்தியைக் கையாண்டால் இவற்றில் 252இல் ஒரு பங்கைச் சோதித்தால் போதும். நொடிக்கு ஒன்றாக, உறங்காமல் வகுத்துக்கொண்டே போனாலும் சுமார் 3 கோடியே 80 லட்சம் ஆண்டுகள் ஆகும்.

1811இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர், 2³¹−1 தரும் நிறைவெண்ணுக்கு மேல் இனி ஒன்று கண்டுபிடிக்கப்படப் போவதில்லை என்று எழுதியதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். வகுப்பது ஒன்றே வழி என்று கொண்டால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

3. லுகாசின் வழி

வேறு வழி ஒன்று இருக்கக்கூடும் என்பதற்கான முதல் குறிப்பு 1640இல் ஃபெர்மா எழுதிய கடிதத்தில் இருக்கிறது. ஓர் எண் பகா எண்ணாக இருந்தால், அதனால் வகுபடாத எந்த எண்ணையும் எடுத்து, பகா எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும். இதைத் திருப்பிப் பிடித்தால் ஒரு கருவி கிடைக்கிறது. மீதி 1 வராவிட்டால் அந்த எண் பகா எண் இல்லை. காரணி எது என்று தெரியாமலே இதைச் சொல்லிவிடலாம்.

ஆனால் மீதி 1 வந்தால்? பகா எண் என்று உறுதி சொல்ல முடியாது. 561 என்பது 3, 11, 17 ஆகியவற்றின் பெருக்கல். ஆனாலும் தனக்குப் பொதுக் காரணி இல்லாத எல்லா எண்களுக்கும் ஃபெர்மாவின் சோதனையில் அது தேறிவிடும். அடுக்கு பகா எண்ணாக உள்ள மெர்சென் வகை எண்களுக்கோ 2ஐ அடியாகக் கொண்டு சோதித்தால் பகா எண்ணும் தேறும், பகு எண்ணும் தேறும். ஆகவே குற்றத்தை நிறுவ ஃபெர்மாவின் முறை உதவியது. குற்றமற்றது என்று நிறுவ உதவவில்லை. லுகாஸ் நிரப்பிய இடைவெளி இது.

லுகாஸ் ஆமியான் நகரில் பிறந்தவர். பாரிசு வானாய்வகத்தில் வேலை பார்த்தார்; பிரான்சு-பிரசியப் போரில் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்தார்; பிறகு பள்ளி ஆசிரியரானார். மூன்று கம்பிகளுக்கு இடையே வட்டுகளை மாற்றும் ‘ஹனாய் கோபுரம்’ விளையாட்டை 1883இல் உலகுக்குக் கொடுத்தவரும் இவர்தான். 1, 1, 2, 3, 5, 8 என்று ஓடும் தொடருக்கு ஃபிபனாச்சியின் பெயர் நிலைத்ததும் இவரால்தான். அந்தத் தொடரை ஆராயும்போதுதான் பகா எண் சோதனை அவருக்குக் கைவந்தது.

சோதனையின் இன்றைய வடிவத்தைச் சிறிய எண் ஒன்றில் செய்து பார்ப்போம். 2⁷−1, அதாவது 127ஐ எடுத்துக்கொள்வோம். 4இல் தொடங்க வேண்டும். கையிலுள்ள எண்ணை வர்க்கமாக்கி, 2ஐக் கழித்து, 127ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். 4இன் வர்க்கம் 16, இரண்டு போனால் 14. அதன் வர்க்கம் 196, இரண்டு போனால் 194, மீதி 67. இப்படியே தொடர்ந்தால் 42, பிறகு 111. 111இன் வர்க்கம் 12321. இரண்டு போனால் 12319. அது 127இன் சரியாக 97 மடங்கு. மீதி பூச்சியம்! அடுக்கு 7 என்பதால் ஐந்து முறை வர்க்கமாக்க வேண்டும். ஐந்தாவது முறை பூச்சியம் வந்தால் அது பகா எண். வராவிட்டால் இல்லை. நடுவில் ஊகம் எதற்கும் இடமில்லை.

2047க்கு இதையே செய்தால் 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282 என்று போய், ஒன்பதாவது முறை 1736 என்ற மீதியில் வந்து நிற்கிறது. பூச்சியம் இல்லை, எனவே 2047 பகு எண். இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். 1736 என்ற எண்ணைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தாலும் அதில் 23ஓ 89ஓ தென்படாது. காரணி உண்டு என்று சோதனை அடித்துச் சொல்கிறது. எது என்று சொல்வதில்லை.

இது ஏன் வேலை செய்கிறது? 4 என்பது 2+√3, 2−√3 ஆகிய இரண்டின் கூட்டுத்தொகை. அவ்விரண்டையும் பெருக்கினால் 1. அதனால் வர்க்கமாக்கி 2ஐக் கழிக்கும் ஒவ்வொரு முறையும் அவ்விரண்டின் அடுக்கு இரட்டிக்கிறது. எண்களோடு √3ஐயும் சேர்த்துக்கொண்டு, மீதிகளை மட்டும் பார்த்தால், 2+√3இன் அடுக்குகள் ஒரு சுழற்சியில் திரும்பத் திரும்ப வரும். இறுதி மீதி பூச்சியம் என்றால் அந்தச் சுழற்சியின் நீளம், சோதிக்கும் எண்ணைவிடச் சரியாக ஒன்று கூடுதல் என்று பொருள். சோதிக்கும் எண்ணுக்குச் சிறிய காரணி ஒன்று இருந்திருந்தால், அந்தக் காரணியை வைத்துப் பார்க்கும்போது அவ்வளவு நீளமான சுழற்சிக்கு இடமே இருக்காது. ஆகவே காரணி இல்லை. மெய்ப்பிப்பின் சாரம் அவ்வளவுதான். இளங்கலை மாணவர் ஒருவர் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம்.

இதில் ஒளிந்திருக்கும் முக்கியச் செய்தி, பக்கத்து எண்ணின் பங்கு. 2¹²⁷−1ஐப் பற்றி நமக்கு எதுவும் தெரியாமல் இருக்கலாம். அதற்கு அடுத்த எண் 2¹²⁷. அதைப் பற்றி எல்லாமே தெரியும், அதில் இரண்டுகளைத் தவிர வேறெதுவும் இல்லை. சுழற்சியின் நீளத்தை ஐயமின்றி அறிய முடிவது இதனால்தான். ஓர் எண்ணின் உட்புறத்தைத் திறக்காமல், அண்டை எண்ணின் அமைப்பைக் கொண்டு அதன் இயல்பைத் தீர்மானித்ததே லுகாஸ் செய்த புரட்சி. 2¹²⁷−1க்கு அவர் கையாண்ட தொடர் ஃபிபனாச்சி எண்களோடு தொடர்புடையது. 4க்குப் பதில் 3இல் தொடங்குவது. 4இல் தொடங்கும் தொடர் ஒற்றைப்படைப் பகா எண் அடுக்கு எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று 1930இல் அமெரிக்கர் டெரிக் ஹென்றி லேமர் செப்பமாக நிறுவினார். அதனால் இருவர் பெயரிலும் லுகாஸ்-லேமர் சோதனை என்று வழங்குகிறது.

வேலை எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். 39 இலக்க எண்களை நூற்றிருபத்தைந்து முறை வர்க்கமாக்க வேண்டும். பள்ளிப் பெருக்கல் முறையில் ஒவ்வொன்றுக்கும் சுமார் 1,500 ஓரிலக்கப் பெருக்கல்கள். மொத்தம் 1 லட்சத்து 90 ஆயிரம். கூட்டலையும் வகுத்தலையும் சேர்த்தாலும் பொறுமைசாலி ஒருவர் சில மாதங்களில் முடித்துவிடலாம். கோடிக்கணக்கான ஆண்டுகள் சில மாதங்களாகச் சுருங்கியது இப்படித்தான்.

லுகாஸ் அதையும் எளிதாக்க ஒரு வழி சொன்னார். 127 வரிசையும் 127 நிரையும் கொண்ட சதுரங்கப் பலகை ஒன்றை எண்ணிக்கொள்ள வேண்டும். எண்ணை இரண்டின் அடுக்குகளாகப் பிரித்து, ஒன்று உள்ள கட்டத்தில் காய், பூச்சியம் உள்ள கட்டத்தில் வெறுமை. பெருக்கல் என்பது அதே வரிசையைக் கட்டம் கட்டமாக இடப்பக்கம் தள்ளி வைத்துக் கூட்டுவதுதான். 2¹²⁷ஐ நம் எண்ணால் வகுத்தால் மீதி 1; ஆகவே இடது ஓரத்தைத் தாண்டும் காயை வலது ஓரத்தில் கொண்டுவந்து வைத்தால் வகுத்தல் தானாகவே முடிந்துவிடும். ஒரே நிரையில் இரண்டு காய்கள் சேர்ந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு அடுத்த நிரையில் ஒன்று வைக்க வேண்டும். கணினியின் உள்ளே இன்று நடப்பதும் இதே காய் நகர்த்தல்தான். மின்னணுக் கணினி பிறப்பதற்கு அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சிந்தனை காகிதத்தில் இருந்தது என்பது வியந்து போற்ற வேண்டிய செய்தி.

4. இருபத்தேழு ஆண்டு இடைவெளி

மையக் கருத்துக்கு வலுவான சான்று மெர்சென் பட்டியலின் பிழையான எண்களில் ஒன்றான 2⁶⁷−1. 1876இல் லுகாஸ் தம் முறையால் இது பகா எண் இல்லை என்று காட்டினார். காரணி எதையும் அவரால் தர முடியவில்லை. தரத் தேவையும் இல்லை.

1903 அக்டோபர் 31ஆம் நாள் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் பேச அழைக்கப்பட்டார். கணித வரலாற்றில் புகழ்பெற்ற அந்தப் ‘பேச்சு’ பற்றிக் கணித அறிஞர் எரிக் டெம்பிள் பெல் எழுதிவைத்திருக்கிறார். கோல் வாய் திறக்கவில்லை. கரும்பலகையின் ஒரு புறம் 2⁶⁷−1ஐக் கணக்கிட்டார்: 147573952589676412927. மறுபுறம் சென்று 193707721ஐயும் 761838257287ஐயும் எழுதி, இலக்கம் இலக்கமாகப் பெருக்கினார். இரண்டு விடையும் ஒன்றாக வந்தன. இருக்கையில் போய் அமர்ந்தார். அவையோர் கைதட்டினர். எத்தனை நாளாயிற்று என்று பெல் பின்னாளில் கேட்டபோது, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம் கோல்.

பகு எண் என்று அறிந்ததற்கும் காரணிகள் கிடைத்ததற்கும் இடையே 27 ஆண்டுகள். இதிலிருந்து மூன்றாவதாக ஒன்றும் தெரிகிறது. காரணிகளைக் கண்டுபிடிப்பது கடினம். கண்டுபிடித்த பின் சரிபார்ப்பதோ கரும்பலகையில் சில நிமிட வேலை. அறிதல், பிரித்தல், சரிபார்த்தல் என மூன்றும் மூன்று வகை உழைப்பு.

இந்த இடைவெளி பழங்கதையும் அல்ல. 2¹²⁷⁷−1 என்ற எண் 385 இலக்கம் கொண்டது. பகு எண் என்று ஐயமின்றி நிறுவப்பட்டுவிட்டது. நவீனக் கணினிகளைக் கொண்டு எத்தனையோ பேர் முயன்றும் 2024 வரை அதன் காரணி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

5. பொறிகள் வந்த பிறகு

1951இல் லுகாசின் எண் முதலிடத்தை இழந்தது. பிரான்சில் ஃபெரியே மேசைக் கணக்குப் பொறியைக் கொண்டு 44 இலக்கப் பகா எண் ஒன்றைக் கண்டார். அதே ஆண்டு கேம்பிரிட்ஜில் மில்லரும் வீலரும் எட்சாக் கணினியில் 79 இலக்கப் பகா எண்ணுக்குப் போனார்கள். அவர்கள் கண்ட எண் எது தெரியுமா? 2¹²⁷−1ஐ வர்க்கமாக்கி, 180ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டியது. லுகாஸ் மேல்பக்கத்து அண்டை எண்ணைப் பயன்படுத்தினார். இவர்கள் கீழ்ப்பக்கத்து அண்டை எண்ணை. அதன் காரணிகள் தெரிந்திருந்தன, ஏனென்றால் லுகாசின் எண் பகா எண் என்பது தெரிந்திருந்தது. சாதனையை முறியடித்த எண்ணே பழைய சாதனையின் தோளில் ஏறி நின்றது.

1952 சனவரி 30 இரவு. லாஸ் ஏஞ்சலசில் இருந்த ஸ்வாக் என்ற கணினியில் ராஃபேல் ராபின்சன் எழுதிய நிரல் ஓடியது. அந்தப் பொறியைக் கண்ணால் பாராமலே, கையேட்டைப் படித்து எழுதிய நிரல். 2⁵²¹−1, 2⁶⁰⁷−1 ஆகிய இரண்டு பகா எண்கள் அந்த ஓர் இரவில் கிடைத்தன. நிரலின் உள்ளே இருந்தது லுகாஸ்-லேமர் சோதனைதான்.

1996இல் ஜார்ஜ் வோல்ட்மன், உலகெங்கும் உள்ள ஆர்வலர்களின் கணினிகளை இணைத்து மெர்சென் பகா எண் தேடும் கூட்டு முயற்சியைத் தொடங்கினார். அதன் வழியாக 2024 அக்டோபரில் அமெரிக்கர் லூக் டுரான்ட் 2¹³⁶²⁷⁹⁸⁴¹−1 பகா எண் என்று கண்டறிந்தார். 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். பக்கத்துக்கு 3,000 இலக்கம் அச்சிட்டால் 13,675 பக்கம். படங்களைக் காட்டப் பயன்படும் வரைகலைச் செயலிகளை ஆயிரக்கணக்கில் பல நாடுகளிலிருந்து வாடகைக்கு எடுத்து அவர் தேடினார். டப்ளின் நகரத்துச் செயலி ஒன்று, ஃபெர்மா வழிச் சோதனையில் எண் தேறியதாக முதலில் சொன்னது. அடுத்த நாள் சான் அன்டோனியோவில் இருந்த இன்னொன்று லுகாஸ்-லேமர் சோதனையால் உறுதி செய்தது. 1640, 1876 என்ற இரண்டு ஆண்டுகளும் அந்த இரண்டு நாளில் அடுத்தடுத்து வந்து நின்றன.

செய்தித்தாள்கள் இலக்கங்களின் எண்ணிக்கையைத் தலைப்பாக்குகின்றன. அந்த எண்ணிக்கையைவிட மதிப்பு மிக்கது முறைதான். அண்டை எண்ணின் அமைப்பு தெரியாத பொது எண் ஒன்றைக் கொடுத்தால், இன்றைய கணினிகளும் ஏறத்தாழ ஒரு லட்சம் இலக்கத்துக்கு மேல் மெய்ப்பிக்கத் திணறுகின்றன. நான்கு கோடியை எட்டச் செய்தது பொறியின் வேகம் மட்டுமல்ல. 2இன் அடுக்கு பக்கத்தில் இருப்பதும்தான்.

6. இடைவெளியே பாதுகாப்பு

அறிவது எளிது, பிரிப்பது கடினம் என்ற வேறுபாடு 1977இல் ஒரு பூட்டாக மாறியது. ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் உருவாக்கிய மறைகுறியீட்டு முறையில், இரண்டு பெரிய பகா எண்களைத் தேர்ந்து பெருக்கி, பெருக்கல் தொகையை ஊரறிய வெளியிடலாம். காரணிகள் தெரிந்தவரே மறைசெய்தியைப் படிக்க முடியும். இந்த முறை நடைமுறைக்கு வர இரண்டு நிபந்தனைகளும் ஒருசேரப் பொருந்த வேண்டும். பகா எண்களை எளிதில் இனங்காண முடிய வேண்டும்; பெருக்கல் தொகையைப் பிரிக்க முடியக் கூடாது. இரண்டும் ஒரே வேலையாக இருந்திருந்தால் இந்தப் பூட்டே செய்திருக்க முடியாது.

அந்த ஆண்டு சவாலாக வெளியிட்ட 129 இலக்க எண்ணைப் பிரிக்க 1994 வரை ஆயிற்று. இணையம் வழியாகப் பல நூறு தன்னார்வலர்கள் சேர்ந்து செய்தார்கள். 250 இலக்க எண் ஒன்று 2020இல் பிரிக்கப்பட்டது. ஒப்பிட்டுப் பாருங்கள்: பிரிப்பதில் 250 இலக்கம், அறிவதில் 4 கோடி இலக்கம்.

இந்த வரலாற்றில் இந்தியாவின் பெயர் பொன்னெழுத்தில் பதிந்த ஆண்டு 2002. தனி வடிவம் எதுவும் இல்லாத எந்த எண்ணுக்கும், வாய்ப்பை நம்பாமல், நிறுவப்படாத ஊகம் எதையும் சாராமல், இலக்கங்களின் எண்ணிக்கையைப் பொறுத்து மட்டான வேகத்தில் வளரும் நேரத்துக்குள் பகா எண்ணா இல்லையா என்று தீர்ப்பளிக்க முடியுமா? கணினியியலின் நெடுநாள் கேள்வி இது. அந்த ஆண்டு ஆகஸ்டில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மணீந்திர அகர்வாலும், அங்கே இளநிலைப் பட்டம் முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய இருவரும் முடியும் என்று நிறுவினார்கள். மெய்ப்பிப்பு உலகின் நிபுணர்களே வியக்கும் அளவு எளிமையாக இருந்தது. அந்த முறையும் காரணி எதையும் தருவதில்லை. லுகாஸ் ஒரு வகை எண்களுக்குக் காட்டியது, எல்லா எண்களுக்கும் உண்மை என்று ஆயிற்று. அவையில் உள்ள இளநிலை மாணவர்கள் அந்த இருவரின் வயதை நினைவில் கொள்ள வேண்டும்.

நம் 39 இலக்க எண்ணுக்கும் மறைகுறியீட்டுத் துறையில் நேரடிப் பணி கிடைத்திருக்கிறது. 2015இல் வெளியான ஃபோர்-கியூ என்ற நீள்வட்ட வளைவு மறைகுறியீட்டு முறை 2¹²⁷−1இன் மீதிகளைக் கொண்டே இயங்குகிறது. இடது ஓரத்தைத் தாண்டியதை வலது ஓரத்தில் வைத்தால் வகுத்தல் முடிந்துவிடும் என்ற அதே வசதிக்காகத்தான் இந்த எண்ணைத் தேர்ந்தார்கள். ராபின்சன் கண்ட 2⁵²¹−1ஐ அடியாகக் கொண்ட வளைவு ஒன்றும் அமெரிக்க அரசின் தரப்பட்டியலில் இருக்கிறது.

7. இன்னும் திறக்காத கதவுகள்

2இலிருந்து தொடங்குங்கள். 2²−1 என்பது 3. 2³−1 என்பது 7. 2⁷−1 என்பது 127. 2¹²⁷−1 நம் எண். ஐந்தும் பகா எண்கள். அடுத்தது 2ஐ நம் எண்ணின் அடுக்குக்கு உயர்த்தி ஒன்றைக் கழிப்பது. அதுவும் பகா எண்ணா? லுகாசின் அறிவிப்பு வந்த 1876இலேயே கணித அறிஞர் கத்தலான் இந்தத் தொடரைக் கவனித்தார். விடை இன்றும் தெரியாது. அந்த எண்ணின் இலக்கங்களின் எண்ணிக்கையே 38 இலக்கம் கொண்டது. எழுதி வைக்கக்கூட உலகில் இடம் போதாது. லுகாஸ்-லேமர் சோதனை அதற்குப் பொருந்தும் என்பதில் ஐயமில்லை. செய்து முடிக்க வழியில்லை.

மெர்சென் பகா எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றனவா என்பதும் தெரியாது. 2024 வரை கிடைத்தவை 52.

இருப்பு தெரிந்தும் முகம் தெரியாத பகா எண்களும் உண்டு. 1ஐவிடப் பெரிய எந்த முழு எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையில் ஒரு பகா எண் இருந்தே தீரும். செபிஷேவ் முதலில் நிறுவிய இந்தத் தேற்றத்துக்கு நம் இராமானுசன் 1919இல் இந்தியக் கணிதக் கழக இதழில் இரண்டே பக்க அளவில் மெய்ப்பிப்புத் தந்தார். அதன்படி, டுரான்ட் கண்ட எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் நடுவில் இன்னொரு பகா எண் நிச்சயமாக உண்டு. இதுதான் அது என்று ஒன்றையாவது சுட்டிக்காட்ட உலகில் யாராலும் இப்போது முடியாது. அறிதலிலும் எத்தனை படிகள் இருக்கின்றன என்பதை இந்த ஓர் எடுத்துக்காட்டே காட்டிவிடும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2¹³−1, அதாவது 8191ஐ எடுத்துக்கொண்டு லுகாஸ்-லேமர் சோதனையைத் தாளும் பென்சிலும் கொண்டு, கணிப்பான் இல்லாமல் செய்து பாருங்கள். 4, 14, 194 என்று தொடங்கி, அடுத்த மீதி 4870 வரும். மொத்தம் பதினொரு முறை வர்க்கமாக்க வேண்டும். இடையில் 36 என்ற மிகச் சிறிய மீதி ஒன்று வரும். அங்கே வந்துவிட்டால் வழி தவறவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். கடைசிக்கு முந்தைய மீதி 128. அதை வர்க்கமாக்கி 2ஐக் கழித்தால் 16382; 8191இன் சரியாக இரண்டு மடங்கு.